எமர்ஜென்சிக்கு வர்றவங்கள்ல எத்தனை பேருக்கு இதயத் தாளம் தப்புது?

(பேச்சு நடையை அதிகம் மாற்றாமல், வாசிக்க வசதியாகத் திருத்தப்பட்ட வடிவம்.)

இன்னைக்கு ஒரு நேயரோட கேள்வியை எடுத்துக்கலாம். ஆரம்பாக்கத்துல இருந்து எழுதியிருக்கார், கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிறார். அம்மாவுக்கு மூச்சு வாங்குதுன்னு எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார். ஈசிஜி எடுத்துட்டு "ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்"னு சொல்லியிருக்காங்க. அவர் கேட்கிறது ரெண்டு விஷயம். இது அபூர்வமான நோயா? இப்போ அம்மாவுக்குப் படபடப்பு இல்லை, மாத்திரையை நிறுத்திடலாமா?

பதிலை முதல்லயே சொல்லிடறேன். அபூர்வம் இல்லை. மாத்திரையை நாமளா நிறுத்தவும் கூடாது. ஏன்னு பார்ப்போம்.

இதயத்துல என்னதான் நடக்குது?

இதயத்துல மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறை. சாதாரணமா மேல இருந்து ஒரு மின்துடிப்பு கிளம்பும், மேல் அறைகள் சுருங்கும், அடுத்து கீழ் அறைகள் சுருங்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்ல மேல் அறைகள் சுருங்குறதே இல்லை, வெறுமனே நடுங்குது. நிமிஷத்துக்கு 350-க்கு மேல கண்டபடி மின்துடிப்புகள் ஓடும். நடுவுல ஒரு வாசல் மாதிரி திசு இருக்கு. அது எல்லாத்தையும் கீழ விடாது, சிலதைத்தான் விடும். அதனால நாடி பிடிச்சுப் பார்த்தா துடிப்பு வேகமாவும் இருக்கலாம், மெதுவாவும் இருக்கலாம், ஆனா ஒரு ஒழுங்கே இருக்காது.

உண்மையான ஆபத்து அந்த நடுக்கத்துல மட்டும் இல்லை. மேல் அறை சரியா சுருங்காததால, இடது பக்கம் பை மாதிரி இருக்கிற ஒரு மூலையில ரத்தம் தேங்கி உறையும். அந்த ரத்தக்கட்டி பிச்சுக்கிட்டு மூளைக்குப் போனா, அதுதான் பக்கவாதம். இந்தப் பிரச்சினை இருக்கிறவங்களுக்குப் பக்கவாதம் வர வாய்ப்பு மத்தவங்களை விட சுமார் 5 மடங்கு.

சரி, எத்தனை பேருக்கு?

இத்தாலியில 200-க்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள்ல எண்ணிப் பார்த்தாங்க. 2004-ல வந்த அந்த ஆய்வுப்படி, எமர்ஜென்சிக்கு வந்தவங்கள்ல 1.5 சதவீதம் பேருக்கு இந்தத் தாளக் கோளாறோ இதுக்கு நெருங்கின ஏட்ரியல் ஃப்ளட்டரோ இருந்துச்சு. அதாவது 200 பேர் வந்தா 3 பேர். "இவ்வளவுதானா?"ன்னு தோணலாம். ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல ஆட்கள் வர்ற பெரிய எமர்ஜென்சியை யோசிச்சுப் பாருங்க. அங்க இது தினமும் வர்ற கேஸ்.

ஆனா இந்த எண்ணிக்கையில ஒரு சிக்கல் இருக்கு. படபடப்புன்னு சொல்லிட்டு வர்றவங்களை மட்டும் எண்ணினா, பாதிப்பேரை விட்டுடுவோம். 2007 கடைசியில இருந்து 2011 வரைக்கும், இந்தியா உட்பட 46 நாடுகள்ல, இந்தப் பிரச்சினையோட எமர்ஜென்சிக்கு வந்த 15,400 பேரைப் பதிவு பண்ணி ஒரு ஆய்வு நடந்துச்சு. ரீ-லை ஏஎஃப் பதிவேடுன்னு பேர். அதுல பாதிக்கும் மேற்பட்டவங்க வந்தது வேற காரணத்துக்காக. மூச்சுத்திணறல், நெஞ்சுச் சளிக் காய்ச்சல், பக்கவாதம் மாதிரி ஏதாவது ஒண்ணுக்கு வந்திருப்பாங்க, தாளக் கோளாறும் கூடவே இருந்திருக்கும்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, இதுக்காகவே வந்தவங்கள்ல ஒரு வருஷத்துக்குள்ள இறந்தது 6 சதவீதம். வேற காரணத்துக்கு வந்தவங்கள்ல அது 16 சதவீதம். மொத்தமா பார்த்தா 11 சதவீதம் பேர் இறந்தாங்க, 4 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்துச்சு. சத்தம் போட்டுக்கிட்டு வர்ற படபடப்பை விட, இன்னொரு நோய்க்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு வர்றவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அதனாலதான் மூச்சு வாங்குதுன்னு போனாலும் ஈசிஜி எடுக்கிறாங்க.

நம்ம ஊர்ல கதை வேற

மேல்நாட்டுல இது பெரும்பாலும் எழுபதைத் தாண்டினவங்க நோய். ரத்த அழுத்தமும் வயசும்தான் அங்க முக்கியக் காரணம். இந்தியாவுல எமர்ஜென்சிக்கு வர்றவங்க சராசரியா பத்து வயசு இளையவங்க. இந்தியன் ஹார்ட் ரிதம் சொசைட்டி 24 மையங்கள்ல 1,537 பேரைப் பதிவு பண்ணினப்போ சராசரி வயசு 54.7. பாதிக்குக் கொஞ்சம் மேல பெண்கள்.

காரணம்? நிறைய பேருக்குச் சின்ன வயசுல வந்த தொண்டை வலி. நம்ப முடியலைல்ல? ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு ஒரு கிருமி. 5-லிருந்து 15 வயசுக்குள்ள தொண்டையில வரும். சரியா சிகிச்சை எடுக்கலேன்னா, சில பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கி, காய்ச்சல் அடிக்கும். அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். காய்ச்சல் போயிடும், ஆனா இதய வால்வுல தழும்பு விட்டுட்டுப் போயிடும். அந்த வால்வு வருஷக்கணக்குல மெல்ல மெல்லச் சுருங்கும். மேல் அறை வீங்கும். முப்பது நாப்பது வயசுல தாளம் தப்பும். இடநெருக்கடியான வீடுகள்ல, ஒரே அறையில நிறைய பேர் படுக்கிற இடங்கள்ல இந்தக் கிருமி சுலபமா பரவும்.

ரீ-லை பதிவேட்டுல இந்த ருமாட்டிக் இதய நோய் இருந்தவங்க வட அமெரிக்காவுல 2.2 சதவீதம். இந்தியாவுல 31.5 சதவீதம். அதனால "சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?"ன்னு டாக்டர் கேட்டா, சம்பந்தமில்லாத கேள்வின்னு நினைக்காதீங்க. எக்கோ எடுக்கச் சொன்னாலும் தள்ளிப் போடாதீங்க.

ஆனா எனக்கு 26 வயசுதானே?

இளைஞர்களுக்கும் வரலாம். ஒரே ராத்திரியில அளவுக்கு மீறிக் குடிச்சுட்டு மறுநாள் படபடப்போட வர்றதுக்கு டாக்டர்கள் மத்தியில "ஹாலிடே ஹார்ட்"னே ஒரு பேர் இருக்கு, 1978-ல இருந்து. தைராய்டு அதிகமா சுரந்தாலும் வரும். ஸ்மார்ட் வாட்ச் எச்சரிக்கை கொடுத்தா பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். 4 லட்சத்துக்கும் மேற்பட்டவங்க கலந்துக்கிட்ட ஆப்பிள் ஆய்வுல எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்குத்தான். அவங்கள்ல பிறகு நெஞ்சுல ஒட்டுற பட்டையை மாட்டிப் பார்த்தவங்கள்ல 34 சதவீதம் பேருக்கு இந்தக் கோளாறு தெரிஞ்சுது. மத்தவங்களுக்கு இல்லவே இல்லைன்னு அர்த்தம் இல்லை. இது வந்து வந்து போகும். அதனால படபடப்பு இருக்கும்போதே ஈசிஜி எடுக்கிறதுதான் நல்லது.

மாத்திரை விஷயம்

படபடப்பு நின்னா நோய் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. நாடியை மெதுவாக்குற மாத்திரை வேற, ரத்தம் உறையாம தடுக்கிற மாத்திரை வேற. முதலாவதால உடம்புக்கு வித்தியாசம் தெரியும். ரெண்டாவது சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் ஒண்ணும் தெரியாது. அதனாலதான் அதை நிறுத்திடறாங்க. வார்ஃபரின் மாதிரி மருந்து பக்கவாதத்தை ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு குறைக்குது.

ருமாட்டிக் வால்வு இருக்கிறவங்களுக்கு வார்ஃபரின் வகைதான் நல்லது. 24 நாடுகள்ல நடந்து 2022-ல வெளியான இன்விக்டஸ் ஆய்வுல, புது மருந்தான ரிவராக்ஸபானை விட பழைய மருந்து எடுத்தவங்கள்ல இறப்பு குறைவா இருந்துச்சு. ஆனா வார்ஃபரினுக்கு ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனை ஒழுங்கா பண்ணணும். அது பொதுவா 2-க்கும் 3-க்கும் நடுவுல இருக்கணும். கீரையை ஒரேயடியா நிறுத்த வேண்டாம், வாராவாரம் ஒரே அளவுல சாப்பிடுங்க. கடையில வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ வாங்குறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேளுங்க.

தூரம்னா நேரம்

ஆரம்பாக்கம் தமிழ்நாட்டோட வடக்கு ஓரம். அதைத் தாண்டினா தடா, ஆந்திரா. சென்னையோட பெரிய ஆஸ்பத்திரிகள் ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி, லாரிகள் ஓடுற தேசிய நெடுஞ்சாலையில. பக்கவாதத்துல ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி தலைக்கு ஸ்கேன் எடுத்தாகணும். "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்"னு காத்திருந்தா அந்த நேரம் வீட்டுலயே கரைஞ்சு போயிடும். முகம் ஒரு பக்கம் கோணுது, ஒரு கை தூக்க முடியலை, பேச்சு குழறுதுன்னா, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு பார்த்து வெச்சுக்கிட்டு உடனே 108-க்கு அடிங்க. ஸ்கேன் வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்கே நேரா போகணும்னு கேளுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்கன்னா அதையும் சொல்லுங்க, ஊசி போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண டாக்டருக்கு அது தெரிஞ்சாகணும்.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை. அம்மா, அப்பா மணிக்கட்டுல மூணு விரலை வெச்சு ஒரு நிமிஷம் நாடியை எண்ணுங்க. எண்ணிக்கையை விட, துடிப்பு சீரா வருதான்னு கவனிங்க. விட்டு விட்டுத் தாறுமாறா வந்தா, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ ஆஸ்பத்திரியிலயோ ஒரு ஈசிஜி எடுத்துடுங்க. அந்தத் தாளை பழைய ரிப்போர்ட்களோட பத்திரமா வெச்சுக்கோங்க, அடுத்த தடவை டாக்டர் கேட்கிற முதல் விஷயம் அதுவாத்தான் இருக்கும்.