பெட்டிக்குள் ஒரு பசுமைக்குடில்

பருவம் தவறிப் பெய்யும் மழையும், பூவையும் பிஞ்சையும் கருக்கிவிடும் கோடை உஷ்ணமும் சிறு விவசாயியின் ஜீவனத்தைக் குலைத்துவரும் இக்காலத்தில், தெலங்காணாவில் இயங்கும் ‘கேத்தி’ என்னும் இளம் நிறுவனம், தனவந்தர்களுக்கே கைகூடிவந்த பசுமைக்குடிலைச் சுருக்கி, துண்டு நிலத்திலும் நிறுத்தத்தக்க சாதனமாக்கித் தந்திருக்கிறது. இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மீது வெயிலைத் தணித்துப் பூச்சிகளைத் தடுக்கும் வலை, உள்ளே வேரடியில் நீர் சொட்டும் குழாய்கள். இவ்வளவே அதன் அமைப்பு. இதற்காக அந்நிறுவனத்துக்கு 2022 டிசம்பரில், பாஸ்டன் நகரில் நடந்த ‘எர்த்ஷாட்’ என்னும் சுற்றுச்சூழல் விருது விழாவில் 10 லட்சம் பிரிட்டிஷ் பவுண்டு பரிசு கிடைத்தது. விழாக்களின் கரகோஷத்தில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. ஆயினும் விதை, உரம், பயிற்சி, வங்கிக் கடன், விற்பனை ஆகியவற்றுக்கான உதவியையும் குடிலோடு சேர்த்தே அளிக்க முற்பட்ட விவேகம், சாமானை விற்றுவிட்டு நகர்ந்துவிடும் வியாபாரத்தினின்றும் இதனை வேறுபடுத்துகிறது.