கூண்டுப் பறவைகளின் மரவிளையாட்டுப் பொருள்களும் அவற்றின் சாயமும்

கூண்டிற் பறவை வளர்ப்போருள் பெரும்பாலார் தினையும் நீரும் வைத்தலோடு தம் கடமை முடிந்ததென்று எண்ணுகின்றனர். கிளியினத்துப் பறவைகளின் அலகு வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பது. காட்டிலே அவை பட்டையை உரித்தும், கொட்டையை உடைத்தும், பொந்தைக் குடைந்தும் அதனைத் தேய்த்துக்கொள்ளும். கடித்தற்கு ஒன்றுமின்றி அடைபட்டிருக்கும் பறவையோ, நாளடைவில் தன் இறகையே பிடுங்கத் தொடங்கும். இதனாலேயே அறிந்தோர் கூண்டினுள் மரக்கட்டைகளைக் கயிற்றிற் கோத்துத் தொங்கவிடுகின்றனர். அக்கட்டைகளுக்கு நிறமூட்டுதல் நம் கண்ணுக்காக மட்டும் செய்யும் அலங்காரம் என்று கருதற்க. நம் கண்ணில் நிறமறியும் கூம்பணுக்கள் மூன்று வகையின; பறவையின் கண்ணிலோ நான்கு வகையின. நாம் காணாத புறஊதா ஒளியையும் அவை காண்கின்றன. ஆதலின், நிறத்தை நம்மினும் நன்கு நுகரும் உயிர்க்கே நாம் நிறம் தருகின்றோம்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டிலடைத்து வளர்த்தல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். பழனிமலைச் சோலைகளில் திரியும் நீலச்சிறகுக் கிளிக்கும் இது பொருந்தும். எனவே ஈண்டுக் கூறுவன யாவும், கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று பிழைபட வழங்கும் பட்ஜெரிகர், காக்கட்டீல் முதலிய அயல்நாட்டுப் பறவைகளைக் குறித்தனவே. இவற்றுள் பட்ஜெரிகர் ஆஸ்திரேலியாவிற்குரியது. ஜான் கூல்டு என்னும் பறவை நூலார் 1840இல் அதனை உயிருடன் இங்கிலாந்திற்குக் கொணர்ந்தார். கொடைக்கானலின் புல்வெளிகளை மறைத்து நிற்கும் தைலமரமும் வாட்டில் மரமும் அதே நாட்டினின்று வந்தவை. ஒரே தாயகத்துப் பறவையும் மரமும் கடல்கடந்து வந்து பழனிமலையிற் கூடுதல் வியப்பன்றோ!

இனி அபாயம் யாதென்பதைக் காண்போம். குழந்தை பொம்மையை நாவால் நக்கும். பறவையோ அதனைச் சிராய் சிராயாகக் கிழித்தெறியும். கட்டையின்மேற் பூசிய வர்ணம் செதில்களாய்ப் பெயர்ந்து அலகினுள்ளே செல்லும். ஈயம் கலந்த செதில் ஒன்று உட்சென்றால், அது பறவையின் அரைவைப்பையில் தங்கி, ஆங்குள்ள மணற்பரல்களோடு நாட்கணக்கில் அரைபட்டுச் சிறிது சிறிதாகக் குருதியிற் கலக்கும். பட்ஜெரிகரின் எடை 30 அல்லது 40 கிராமே. அத்துணைச் சிறிய உடலுக்கு எள்ளளவு நஞ்சும் பெரிதாகும். சோர்வு, கால் தள்ளாடல், பசிய நீர்த்த எச்சம், பின்னர் வலிப்பு, இறுதியில் சாவு என்ற முறையிலே நோய் முற்றும். வளர்த்தவர் தாம் அன்போடு கொடுத்த பொம்மையை ஐயுறார். குளிரையோ தீனியையோ பழிப்பர்.

கண்ணுக்குப் புலப்படாத ஆவியும் இவ்வாறே. பறவையின் நுரையீரலோடு காற்றுப் பைகள் பல இணைந்திருத்தலின், அது காற்றிலுள்ளதை நம்மினும் விரைவாக உட்கொள்ளும். நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை அறிவிக்கும் காவலாகக் கேனரிப் பறவையைக் கொண்டுசென்றது இதனாலன்றோ? பிரிட்டனில் அவ்வழக்கம் 1986இலேயே கைவிடப்பட்டது. எனாமல் வர்ணத்தின் ஆவியும் வார்னிஷின் ஆவியும் நமக்குத் தலைவலி தரும். பறவைக்கு உயிரையே போக்கலாம். கன உலோகங்கள் மண்ணிலும் நீரிலும் எத்துணைக் காலம் நின்று தீங்கு செய்யும் என்பதைக் கொடைக்கானல் மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டா. 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் பற்றிய வழக்கை அவ்வூரில் அறியாதார் இலர்.

பழைய வர்ணங்களுட் பல உலோக நஞ்சுகளே. செந்தூரம் எனப்படுவது ஈயத்தின் செவ்வுப்பு. பளிச்சிடும் மஞ்சள் வர்ணம் பெரும்பாலும் ஈயமும் குரோமியமும் கூடியது. சென்ற நூற்றாண்டிற்கு முந்தைய நூற்றாண்டில் ஐரோப்பியச் சுவர்த்தாள்களை அழகுசெய்த பச்சை நிறம் ஆர்சனிக் என்னும் பாஷாணத்தாலாயது. நம் நாட்டில் 2016இல் இயற்றப்பட்டு 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்திலட்சத்தில் 90 பங்கிற்கு மிகலாகாது. இது நன்றே, ஆயினும் பரணிற் கிடக்கும் பழைய டப்பாவிற்கு விதி தெரியாது. இங்கே நம் மொழியின் ஒரு மயக்கத்தையும் குறிப்பிடுதல் தகும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தாலாயது, நஞ்சாவது காரீயம். இரண்டையும் 'ஈயம்' என்ற ஒரே சொல்லால் வழங்குதலால், 'ஈயத்தில் சமைத்துண்டோமே, என்ன கெட்டது?' என்று வாதிப்போரும் உளர்.

ஆகவே பறவைக்குரிய கட்டைக்கு வர்ணம் பூசுதல் தகாது; சாயமே ஏற்றவேண்டும். வர்ணம் மேலே தோலாய்ப் படிவது. சாயம் மரத்தின் நுண்துளைகளிற் புகுந்து நிற்பது. தின்னத்தக்க சாயமாயின், கட்டையை முழுதும் தூளாக்கினும் கேடில்லை.

சாயத்திற்கு முன் மரத்தைத் தேர்தல் வேண்டும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய கீழ்மலை ஊர்களில் காப்பித் தோட்டத்தில் பழஞ்செடிகளை வெட்டி நீக்கும்போது கிடைக்கும் தண்டு, கெட்டியும் கிளைவளமும் உடையது. அயல்நாடுகளில் கிளிகளுக்கு இருக்கைக் கொம்பாக இதனை விலைகொடுத்து வாங்குகின்றனர், இங்கோ விறகாகின்றது. ஆயின் இலைத்துரு நோய்க்காகத் தெளித்த துத்தக் கலவை பட்டையில் ஒட்டியிருக்குமாதலால், பட்டையை முற்றும் சீவியே கொள்க. கொய்யாக் கிளையும், நன்கு உலர்ந்த தைலமரமும், பிசின் வடியாத பைன் பலகையும் ஏற்றவை.

அதே தோட்டங்களில் நிழலுக்கும் பழத்துக்கும் நிற்கும் வெண்ணெய்ப்பழ மரத்தை, மலையில் 'பட்டர் புரூட்' என்பர், ஒருபோதும் தொடலாகாது. அதன் இலை, பட்டை, கொட்டை, பழம் எல்லாவற்றிலும் பெர்சின் என்னும் பொருள் உண்டு. அது மனிதர்க்குத் தீங்கு செய்வதில்லை. பறவையின் இதயத்தைத் தாக்கிக் கொல்லும். ஒரே நிலத்தில் அருகருகே நிற்கும் காப்பியும் வெண்ணெய்ப்பழமும் பறவைக்கு ஒன்று நட்பும் மற்றொன்று பகையுமாதல் கருதத்தக்கது. சோலையோரத்திற் செக்கச் செவேலெனப் பூக்கும் காட்டுப்பூவரசும், வேலியோரத்து ஊமத்தையினமும், அரளியும் நஞ்சே. காட்டுப்பூவரசு முதலிய சோலை மரங்களை வெட்டுதல் குற்றமுமாம். மரக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கப்பற்பெட்டிப் பலகையில் 'எம்.பி.' என்ற முத்திரையிருப்பின் அது மீத்தைல் புரோமைடு என்னும் நச்சுப்புகை ஊட்டியது, 'எச்.டி.' என்றிருப்பின் வெப்பத்தால் மட்டும் பதப்படுத்தியது. முன்னதை விலக்குக. பசை கொண்டு ஒட்டிய பிளைவுட்டும் வேண்டா.

சாயங்களுள் செம்மைக்குப் பதிமுகம் சிறந்தது. மலையாள நாட்டார் அதன் சீவலைக் குடிநீரிலிட்டுக் காய்ச்சி நாள்தோறும் பருகுகின்றனர்; இதனினும் சான்று வேறென் வேண்டும்? 1 லிட்டர் நீருக்கு 50 கிராம் சீவலிட்டு அரைமணி நேரம் காய்ச்சி வடித்தால் நல்ல சிவப்பு வரும். மஞ்சளுக்கு மஞ்சளே. ஆனால் கடைப்பொடியை வாங்காது கிழங்கை வீட்டிலேயே இடித்துக்கொள்க. பொடியின் நிறம் கூட்டுதற்கு ஈயக் குரோமேட்டையே கலந்துவிடும் வணிகர் உளராதலால், எதனை விலக்க முயன்றோமோ அதுவே மடியில் வந்து விழும். மஞ்சள் தோய்த்த கட்டையைச் சோப்பிட்டுக் கழுவலாகாது. சோப்பின் காரத்தால் அது சிவந்துவிடும். மஞ்சளும் சுண்ணாம்பும் கூட்டிக் குங்குமம் செய்த நம் முன்னோர் அறிந்த உண்மையே இது. நீலத்திற்குச் சங்குப்பூ போதும். எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் அதுவே ஊதாவாகும். இவையெல்லாம் வெயிலில் வெளுப்பவை. காற்று மெலிந்த கொடைக்கானல் உயரத்திலே வெயிலின் ஊதாக்கதிர் கடியதாகலின் இன்னும் விரைவில் வெளுக்கும். நிலைத்த நிறம் விரும்புவோர், நம் நாட்டில் உணவிற்சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டனுள் ஒன்றை, முத்திரையிட்ட புட்டியில் வாங்கிக் கரைத்துக்கொள்ளலாம். பொட்டலத்தில் அளந்து விற்கும் பெயரறியாத் தூளைத் தொடற்க. சிலர் இச்சாயத்திற் காடி சேர்த்தால் நிறம் பிடிக்கும் என்பர். ஆட்டுமயிரும் பட்டும் புரதமாதலின் அவற்றிற்கு அது பொருந்தும். மரமோ செல்லுலோஸ் ஆதலின் காடியால் பயனில்லை.

சிறு மணிகளைச் சட்டியிலிட்டு வேகவைத்தல் எளிது. முழ நீளமுள்ள பருத்த கட்டைக்கு என் செய்வது? முதலில் வேண்டிய துளைகளையெல்லாம் இட்டுவிடுக. சாயமிட்டபின் துளைத்தால் உள்ளே வெளிறித் தோன்றும். உப்புத்தாளால் தேய்த்துத் தூசி போக்கிக் கட்டையைக் கொதிநீரில் நனைத்து ஒருமுறை உலரவிடுக. அடுத்து, எவர்சில்வர் அண்டாவிலேனும் பிளாஸ்டிக் தொட்டியிலேனும் சுடுசாயத்தை ஊற்றிக் கட்டையைக் கிடத்துக. பித்தளையும் செம்பும் நாகமுலாம் பூசிய வாளியும் ஆகா. புளிப்புள்ள சாயம் அவ்வுலோகங்களைக் கரைத்துவிடும். கட்டை முழுவதும் அமிழாவிடின், சாயத்தில் தோய்த்த பருத்தித் துணியால் அதனைச் சுற்றி, மணிக்கொருமுறை புரட்டிச் சாயத்தை மேலே வார்த்துக்கொண்டிருக்க ஓர் இரவிற் பிடித்துவிடும். மரத்தின் வெட்டுமுகம் பக்கங்களைவிட மிகுதியாக உறிஞ்சும். ஆதலால் முனைகளை முன்னரே வெறும் நீரில் நனைத்து வைத்தால் நிறம் ஒருதன்மையாக அமையும். சமவெளியில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் 93 பாகையிலேயே கொதிக்கும். பழனி நகரத்தில் அரைமணியில் இறங்கும் சாயம் மேலே சற்று அதிக நேரம் கேட்பது இதனாலாம்.

மலைநாட்டில் உண்மையான இடர்ப்பாடு உலர்த்துதலே. ஐப்பசி கார்த்திகையின் மழையிலும் மூடுபனியிலும் பருங்கட்டை வெளியே உலர்ந்ததுபோற் காட்டி உள்ளே ஈரம் பொதிந்திருக்கும். அதிற் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையின் நுண்தூள் பறவையின் நெஞ்சிற் புகுந்து உண்டாக்கும் நோய்க்கு மருத்துவம் அரிது. கையால் தொட்டுப் பார்த்து முடிவுசெய்தல் போதாது. தராசில் நாள்தோறும் நிறுத்து எழுதிவருக. மூன்று நாள் தொடர்ந்து எடை குறையாதிருப்பின் உலர்ந்ததென்று கொள்க. தை முதல் பங்குனி வரையுள்ள வறண்ட நாள்களே இவ்வேலைக்கு நல்ல பருவம்.

மேலே மெருகு வேண்டுமா என்று வினவுவர். வேண்டா என்பதே என் கருத்து. ஆந்திர நாட்டு ஏட்டிக்கொப்பாக்காவில் வெட்பாலை மரத்தைக் கடைசலிட்டு, செடிச்சாயம் கலந்த அரக்கைச் சுழலும் கட்டைமேல் அழுத்தி, உராய்வின் வெப்பத்தால் உருக்கிப் பூசுகின்றனர். அவ்வூரில் செடிச்சாய முறையை மீட்டெடுத்த சி. வி. ராஜு 2023இல் பத்மஸ்ரீ பெற்றார். அரக்கு தூயதாயின் தீங்கற்றது, மாத்திரைகளுக்கும் மேற்பூச்சாகின்றது. ஆனால் சந்தையில் வாங்கும் அரக்குப் பொம்மை எந்தச் சாயத்தால் ஆனதென்று பார்த்தறிதல் இயலாது.

கோத்தற்குப் பருத்திக் கயிறோ கற்றாழை நாரோ கொள்க. நாகமுலாம் பூசிய கம்பியைப் பறவை கடித்தால் துத்தநாக நஞ்சேறும். ஆணி அறவே கூடாது. தொங்கவிடுமுன் ஈரமான வெண்துணியால் கட்டையைத் தேய்த்துப் பார்க்க. சற்றே நிறம் இறங்கினால் குற்றமில்லை. மிகுதியாக இறங்கினால் மீண்டும் அலசி உலர்த்துக. முதன்முறை கொடுப்பது மஞ்சளோ நீலமோ ஆகட்டும். சிவந்த கட்டையைக் கடித்த பறவையின் எச்சமும் சிவக்கலாம். ஈய நஞ்சேறிய சில கிளிகளின் எச்சமும் அவ்வாறே சிவத்தலுண்டாதலின், இரண்டையும் வேறுபிரித்தறிய, பறவையின் இயல்பான எச்சத்தைச் சிலநாள் கண்டு பழகியிருத்தல் வேண்டும். கட்டை விரலளவு சிறுத்ததும் அதனை அவிழ்த்து எறிந்து புதியதைக் கட்டிவிடலாம்.