ஜப்பான் குட்டி லாரியும் சாணார்பட்டி மாந்தோப்பும்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் சாணார்பட்டியையும் கோபால்பட்டியையும் கடந்து போகிறவர்களுக்கு, கோடையில் மாங்காய்ப் பெட்டிகள் வண்டிகளில் ஏறுவதும் அதற்குச் சற்று முன்பாகப் புளி உலுக்கி மூட்டை கட்டுவதும் பரிச்சயமான காட்சிகள். ஆனால் அந்தச் சரக்கு தார்ச்சாலையை வந்தடையுமுன் கடக்கவேண்டிய தோப்புப் பாதை எத்தனை குறுகலானது, ஒரு மழை பெய்தால் எப்படிச் சேறாகிறது என்பது தோப்புக்காரருக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கும்தான் தெரியும். அதனால்தான், ஜப்பானிய விவசாயிகள் வயல் வரப்புகளுக்கிடையே அநாயாசமாக ஓட்டிச் செல்லும் குட்டி லாரிகளைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, அங்கே பழைய வண்டிகள் மலிவாக விற்கப்படுவதையும் கேள்விப்பட்டு, "அண்ணே, இதில் ஒன்றை நம்ம ஊருக்கு இறக்க முடியாதா?" என்று இளைஞர்கள் கேட்கும்போது, அந்த ஆசையை நான் வெறும் மோகம் என்று ஒதுக்குவதில்லை.

அந்த வண்டியின் பிறப்பே ஒரு சட்டத்தினால் விளைந்தது. யுத்தத்தில் சீரழிந்த ஜப்பான், சாமானிய மக்களும் வாகனம் வைத்துக்கொள்ள வேண்டுமென்று 1949-ல் சிறு வாகனங்களுக்கெனத் தனி வகுப்பொன்றை ஏற்படுத்தி, அளவுக்குள் அடங்கும் வண்டிகளுக்கு வரிச் சலுகைகளை அளித்தது. இன்றைய விதிப்படி அதன் இஞ்சின் 660 சி.சி.யையும், நீளம் 3.4 மீட்டரையும், அகலம் 1.48 மீட்டரையும், ஏற்றும் பாரம் 350 கிலோவையும் தாண்டக் கூடாது. சுசூகியின் கேரி, டைஹாட்சுவின் ஹைஜெட், சுபாருவின் சாம்பர், ஹோண்டாவின் ஆக்டி, மிட்சுபிஷியின் மினிகேப் ஆகியவை இந்த வகுப்பில் பெயர் பெற்றவை. இடுப்பு உயரத்துக்கும் தாழ்ந்த தளம், மூன்று பக்கமும் கீழே இறக்கக்கூடிய பலகைகள், வேண்டுமானால் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வசதி என்று ஒரு விவசாயிக்கு வேண்டிய சௌகரியங்கள் யாவும் அதில் உண்டு. ஆயினும், பெட்டிக்கு 20 கிலோ வீதம் 17 மாங்காய்ப் பெட்டிகளை ஏற்றினாலே அதன் நியாயமான பாரம் முடிந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மை கூறியவனாவேன்.

நன்றாக ஓடும் வண்டியை ஒரு நாடு ஏன் மலிவாகக் கைகழுவ வேண்டும் என்ற கேள்விக்கும் சட்டத்திலேயே விடை இருக்கிறது. அங்கே இத்தகைய சரக்கு வண்டியை இரண்டாண்டுகளுக்கொரு முறை கண்டிப்பான சோதனைக்குக் காட்டியாக வேண்டும்; அதற்கான செலவும், சோதனையை முன்னிட்டுச் செய்யவேண்டிய பழுது வேலைகளும் வண்டியின் வயதோடு ஏறிக்கொண்டே போவதால், ஒரு கட்டத்தில் சொந்தக்காரர் அதை விற்றுவிடுவதே மேல் என்று தீர்மானிக்கிறார். அப்படி விற்கப்படும் வண்டிகள் வியாபாரிகள் மட்டும் பங்கெடுக்கும் ஏலக் களங்களுக்கு வந்து சேர்கின்றன. அங்கே பரிசோதகர் ஒருவர் வண்டியைச் சுற்றிப் பார்த்து, கீறல், நசுங்கல், துரு, முன்பு பழுது பார்த்த இடம் ஆகியவற்றைப் படத்தில் குறித்து மதிப்பெண்ணும் போட்டு எழுதும் ஏலத் தாள் ஒன்றுண்டு. வாங்குகிறவருக்கு அதைவிட மேலான சாட்சியம் வேறில்லை. பனிக்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் பிரதேசங்களிலிருந்து வரும் வண்டிகளின் அடிச்சட்டத்தைத் துரு அரித்திருக்கும். மேலே பூசிய புது வர்ணம் அதைச் சொல்லாது, ஏலத் தாள் சொல்லும்.

நம்மைப் போலவே இடப்பக்கம் செல்லும் சாலைகளையும் வலப்பக்க ஸ்டீரிங்கையும் கொண்ட இலங்கை, இந்த வண்டிகளை நெடுங்காலமாக வரவழைத்து வந்திருக்கிறது. 1977-க்குப் பிறகு அங்கே பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதிலிருந்து, ஜப்பானில் ஓடிப் பழகிய வண்டி அந்நாட்டு வாழ்க்கையின் ஓர் அங்கமாகிவிட்டது. யாழ்ப்பாணத்துத் தமிழர் மிட்சுபிஷி லொறியைக் கன்ரர் என்றும் டொயோட்டா வேனை ஹயஸ் என்றும் வீட்டுப் பெயர் போல வழங்குகிறார்கள். ஒரே விதமான வண்டிகள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்ததால் உதிரிப் பாகக் கடைகளும், அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகளும் அங்கே உண்டானார்கள். ஜப்பானில் உள்நாட்டு வண்டிகளுக்கு மாதிரிக் குறியும் வரிசை எண்ணும் சேர்ந்த சுருக்கமான சேஸிஸ் எண்தான் உண்டு. அந்தக் குறியைச் சொன்னால் இன்ன பாகம்தான் பொருந்தும் என்று கூறிவிடக்கூடிய கடைக்காரர் அருகில் இருப்பதே உண்மையான சொத்து. இருந்தும், அந்நியச் செலாவணி நெருக்கடியில் 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, முன்பே ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டிகளின் விலை சாமானியர் கைக்கெட்டாத உயரத்துக்குப் போயிற்று. 2025 பிப்ரவரியில் வாயில் மறுபடி திறந்தபோதும் வரிகள் கடுமையாகவே இருந்தன. வெளிநாட்டுச் சரக்கை நம்பி வாழ்கிறவனுடைய பிழைப்பு, வண்டியின் இஞ்சினை மட்டுமின்றி அரசாங்கத்தின் கஜானாவையும் பொறுத்தது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவின் வழி வேறு. நம் இறக்குமதி விதிகள் நெடுங்காலமாகப் பழைய வாகனத்துக்கு விதித்திருக்கும் நிபந்தனைகளின்படி, அது உற்பத்தியாகி மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்டிருக்கக் கூடாது. மும்பைத் துறைமுகத்தின் வழியாகவே வரவேண்டும். இன்னும் ஐந்தாண்டுகள் சாலையில் ஓடத் தகுதியுள்ளதென்று அத்தாட்சி வேண்டும். இங்கே வந்த பிறகும் சோதனையில் தேற வேண்டும். அதற்கு மேல் சுங்கவரி. மலிவாகக் கிடைப்பவை யாவும் பத்து, இருபது வயதான வண்டிகளாகையால், அவற்றை எந்தத் தரகர் வரவழைத்துத் தருவதாகச் சொன்னாலும் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்பதே என் திடமான அபிப்பிராயம். பதிவு செய்ய முடியாத வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி ஒரு விபத்தில் தோப்பையே விற்க வைத்துவிடும்.

கதவு இப்படி மூடியிருப்பதை நான் குறை கூற மாட்டேன். ஏனெனில், பழைய வண்டிகளை உள்ளே விடாத இதே நாடு, அவற்றைச் செய்யும் வித்தையை உள்ளே அழைத்துக்கொண்டது. 1980-களில் சுவராஜ் நிறுவனம் மஸ்தாவுடனும், ஐச்சர் மிட்சுபிஷியுடனும், டி.சி.எம். டொயோட்டாவுடனும், ஆல்வின் நிசானுடனும் கைகோத்து இலகு ரக லாரிகளை இங்கேயே உற்பத்தி செய்தன. சுசூகி கேரியின் வம்சத்தில் வந்த மாருதி வேன் 1984-ல் வெளியாகி, ஆம்னி என்ற பெயருடன் 2019 வரை உற்பத்தியில் இருந்தது. நிசான் வேனட் என்ற ஜப்பானிய வண்டியின் அடிப்படையில் அசோக் லேலண்ட் உருவாக்கி, 2011 முதல் நம் ஓசூரிலிருந்து வெளியிட்டு வரும் தோஸ்த், ஒன்றேகால் டன் பாரம் ஏற்றுகிறது. கூட்டாளியான நிசான் 2016-ல் விலகிக்கொண்ட பிறகும் அது நின்றுவிடவில்லை. அதே ஆண்டில் மாருதியின் சூப்பர் கேரியும் சந்தைக்கு வந்தது. ஆகவே, ஜப்பானியச் சிறு லாரியின் குணத்தை விரும்புகிறவர் யோகோஹாமாத் துறைமுகத்தை நோக்க வேண்டியதில்லை; திண்டுக்கல்லில் பழைய வண்டி விற்கும் இடங்களைச் சுற்றி வந்தாலே போதும்.

அங்கே போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் காகிதம். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எண், தகட்டில் மட்டுமல்லாமல் சேஸிஸின் மேலேயே பொறித்திருக்கும் எண்ணுடன் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கடன் நிறுவனத்தின் பெயர் ஆர்.சி.யில் இருந்தால், அதன் என்.ஓ.சி.யும் 35-ம் எண் படிவமும் கைக்கு வராமல் பாக்கித் தொகையைக் கொடுக்கக் கூடாது. எஃப்.சி. எப்போது முடிகிறது என்பதையும் கேட்க வேண்டும்; எட்டு வயது வரை இரண்டாண்டுக்கொரு முறையாக இருக்கும் தகுதிச் சோதனை, அதன் பிறகு ஆண்டுதோறும் வருகிறது. 29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்து வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, பெயர் மாற்றாமல் ஓட்டும் வழக்கம் நம் கிராமங்களில் பரவலாக இருக்கிறது. விற்றவர்களும் இதைப் பொருட்படுத்துவதில்லை, ஆனால் ஆர்.சி.யில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அனுகூலமான செய்திகளும் உண்டு: மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டியதில்லை, 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியைச் சாதாரண இலகுரக வாகன லைசென்ஸுடனேயே ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் அதே நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது.

காகிதம் சரியாக இருந்தால் பிறகு வண்டியின் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளில் கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒன்றிரண்டு சேர்த்திருந்தால், அந்த வண்டி தன் தகுதிக்கு மேல் சுமந்தே காலம் கழித்தது என்று அறியலாம். சேஸிஸில் வெல்டிங் தழும்பு தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் எழுந்து வந்துவிடுவதே உத்தமம். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்புவதைவிட, கிளட்ச் பெடலும் டிரைவர் ஆசனமும் தேய்ந்திருக்கும் விதத்தை நம்பலாம். நம் ஊர்ப் பட்டறைக்காரரை ஒரு நாள் கூலி கொடுத்தாவது உடன் அழைத்துப் போவது விரயமல்ல. வாங்கிய பிறகு அந்த வண்டியைப் பராமரிக்கப் போகிறவர் அவர்தானே.

எனக்கு ஒரு குறை மட்டும் மிச்சமிருக்கிறது. ஜப்பானில் கேரி வண்டி நான்கு சக்கர இழுவையுடன் கிடைக்கிறது. இங்கே அந்த வசதி பெரிய பிக்கப் வண்டிகளில் உண்டேயன்றி, நாம் குட்டி யானை என்று அழைக்கும் அளவிலுள்ள வண்டிகளில் இல்லை. சிறுமலை அடிவாரத்துத் தோப்புகளிலும் நத்தம் பக்கத்துச் செம்மண் பாதைகளிலும் பெரிய பிக்கப் நுழையாது; குட்டி யானை நுழைந்தாலும் மழைக்காலத்தில் டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுக்க வேண்டியிருக்கிறது. அரை டன் சுமந்தால் போதும், நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், தளம் தாழ்ந்திருக்க வேண்டும் என்ற இந்தக் கோரிக்கையை, இங்கே வண்டி வரைபடம் போடுகிறவர்களிடம் நம் விவசாயிகள் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் எழுத்து மூலமாகவே கொண்டு சேர்க்க வேண்டும்.