செல்போன் சாவி யார் கையில்?

காரைக்குடி வட்டாரத்து நகரத்தார் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பைத் தாண்டினால் வளவு. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. ஒவ்வொரு அறைக்கும் தனிப் பூட்டு, தனிச் சாவி. மருமகள் கொண்டு வந்த சீர்ச் சாமான்கள் அதற்குள்ளேதான் இருக்கும். ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழ்ந்தன. ஆனாலும் அடுத்தவர் அறையைத் திறந்து பார்ப்பது முறையல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இன்று பெண்களுக்கு இன்னொரு பெட்டகம் வந்திருக்கிறது. அதுதான் செல்போன். பாங்கிக் கணக்கு அதற்குள். அம்மாவுடன் பேசிய பேச்சு அதற்குள். பிள்ளைகளின் படம் அதற்குள். எங்கே போனோம், எப்போது வந்தோம் என்பதும் அதற்குள்.

அந்தப் பெட்டகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?

அன்பான வீட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. போன் மேசைமேல் கிடக்கும். மணி அடித்தால் யாராவது எடுப்பார்கள். ஆனால், அடியும் வசவும் உள்ள வீடுகளும் இருக்கின்றன. "யாரோடு பேசினாய்? போனைக் காட்டு!" என்று தினமும் விசாரணை நடக்கும் வீடுகள் அவை. அங்கே செல்போன் கைவிலங்காக மாறிவிடுகிறது. அப்படி ஒரு வீட்டில் வாழும் பெண்களுக்காகவும், அவர்களுக்கு உதவ நினைப்பவர்களுக்காகவும் இந்தக் கட்டுரை.

உளவு எப்படி நடக்கிறது?

"நான் அக்காவிடம் பேசியது இவருக்கு எப்படித் தெரிந்தது?" என்று பல பெண்கள் திகைக்கிறார்கள். இதில் மந்திரம் எதுவும் இல்லை. வழிகள் மிகச் சாதாரணமானவை.

முதல் வழி, வாட்ஸ்-அப். உங்கள் போன் சில நிமிடம் அவர் கையில் இருந்தால் போதும். உங்கள் வாட்ஸ்-அப்பை இன்னொரு கருவியிலும் திறந்து வைத்துவிடலாம். அதன்பிறகு உங்களுக்கு வரும் செய்தி அங்கேயும் தெரியும்.

இரண்டாவது வழி, கூகுள் கணக்கு. போன் வாங்கிய அன்று அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவர் அவராக இருக்கலாம். அப்படியானால் ரகசியச் சொல் அவருக்குத் தெரியும். உங்கள் படம், நீங்கள் தேடியவை, நீங்கள் இருக்கும் இடம் எல்லாவற்றையும் தம் போனிலேயே பார்க்க முடியும்.

மூன்றாவது வழி, சிம் கார்டு. அது யார் பெயரில் இருக்கிறதோ, அவர் எந்த எண்ணுக்கு எப்போது பேசப்பட்டது என்ற பட்டியலைப் பெற முடியும். உங்கள் போனில் அழைப்பை அழித்துவிட்டாலும், கம்பெனியின் கணக்கில் அது அழியாது.

நான்காவது வழி, உளவு பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட செயலி. போனுக்குள் ஒளிந்திருந்து வேவு பார்க்கும்.

"நான் கைரேகைப் பூட்டு போட்டிருக்கிறேனே!" என்று சிலர் சொல்லலாம். 2017-ம் ஆண்டு நவம்பரில் தோகாவில் இருந்து பாலித் தீவுக்குப் பறந்த விமானம் ஒன்று நடுவழியில் சென்னையில் இறங்கியது. காரணம், ஒரு தம்பதியின் சண்டை! தூங்கிக்கொண்டிருந்த கணவரின் விரலை எடுத்து வைத்து மனைவி அவரது போனைத் திறந்துவிட்டார் என்று அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. தூங்குகிறவர் விரல் பூட்டைக் காக்காது. மனதில் மட்டும் இருக்கும் எண்தான் காக்கும்.

பரமக்குடி வழக்கு

மனைவியின் போனைக் கணவன் ஆராய்வது சரியா? இந்தக் கேள்வி நம் பக்கத்து ஊரில் இருந்தே கோர்ட்டுக்குப் போனது.

பரமக்குடி கோர்ட்டில் ஒரு கணவர் விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டார். மனைவி யார் யாருடன் பேசினார் என்ற செல்போன் பட்டியலைச் சாட்சியமாகக் கொடுத்தார். மனைவி அதை எதிர்த்தார். அந்தக் கோர்ட்டு அவரது மனுவை ஏற்கவில்லை. அவர் மதுரை ஐகோர்ட்டு கிளைக்குப் போனார்.

2024-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அந்தப் பட்டியலைச் சாட்சியமாக ஏற்கமுடியாது என்றார். மனைவி எழுதும் டைரியை அவள் சம்மதம் இல்லாமல் கணவன் படிக்கக் கூடாது. டைரிக்குச் சொன்னது செல்போனுக்கும் பொருந்தும் என்பது அவர் கருத்து. மனைவி கணவனை வேவு பார்ப்பதும் தவறுதான் என்பதையும் அந்தத் தீர்ப்பு சொல்லியது.

இதற்கு அடித்தளம் 2017-ம் ஆண்டிலேயே போடப்பட்டுவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்.

ஆனால், கதை அதோடு முடியவில்லை. 2025-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு தீர்ப்பு அளித்தது. வேறொரு தம்பதியின் வழக்கு அது. மனைவியுடன் போனில் பேசியதைக் கணவர் அவருக்குத் தெரியாமல் பதிவு செய்திருந்தார். விவாகரத்து வழக்கில் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. ஒருவரையொருவர் உளவு பார்க்கும் நிலை வந்துவிட்டால், அந்த இல்லறம் ஏற்கெனவே உடைந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம் என்றும் சொல்லியது.

இதில் இருந்து பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? சட்டம் காக்கும் என்று சும்மா இருந்துவிட முடியாது. அவரிடம் போனில் பேசும் ஒவ்வொரு சொல்லும் பதிவாகலாம் என்று எண்ணிப் பேச வேண்டும். அதேபோல், அவர் விடும் மிரட்டலும் ஒருநாள் அவருக்கு எதிரான சாட்சியம் ஆகலாம்.

அவசரம் ஆபத்து

உளவு பார்க்கிறார் என்று தெரிந்ததும் என்ன தோன்றும்? உடனே எல்லாவற்றையும் மாற்றத் தோன்றும். ரகசிய எண்ணை மாற்றுவோம், செயலியை அழிப்போம் என்று கை துடிக்கும்.

பொறுங்கள்! அடிக்கிற கை உள்ள வீட்டில் அது ஆபத்து. நேற்று வரை தெரிந்தது இன்று தெரியவில்லை என்றால், அவருக்குச் சந்தேகம் வரும். கோபம் வரும். அந்தக் கோபம் யார்மேல் விழும்? உங்கள்மேல்தான். மேலும், செயலியை அழித்தால் அவர் செய்த குற்றத்தின் தடயமும் போய்விடும்.

எனவே, முதலில் துணையைத் தேடுங்கள். பூட்டைப் பிறகு மாற்றலாம்.

என்ன செய்யலாம்?

ஒன்று: உங்கள் போனில் எப்போதும்போலப் பேசுங்கள். சமையல், பள்ளிக்கூடம், கல்யாண விசேஷம் என்று வழக்கமான பேச்சு நடக்கட்டும். உதவி கேட்க மட்டும் வேறு போனைப் பயன்படுத்துங்கள். தோழி, ஆசிரியை, வேலை செய்யும் இடம் என்று அவர் கை படாத போனாக இருக்க வேண்டும். குழந்தையின் போன் வேண்டாம். அதிலும் அதே கூகுள் கணக்கு இருக்கலாம்.

இரண்டு: அந்த வேறு போனில் புதிய மின்னஞ்சல் கணக்கு ஒன்று தொடங்குங்கள். பழைய ரகசியச் சொல்லையோ, பிள்ளையின் பிறந்த தேதியையோ அதற்கு வைக்காதீர்கள். அவர் எளிதில் ஊகித்துவிடுவார்.

மூன்று: வந்த மிரட்டல் செய்திகளை அழிக்காதீர்கள். தேதி தெரியும்படி இன்னொரு போனால் அவற்றைப் படம் எடுத்து, நம்பகமானவரிடம் வைத்திருங்கள். என்று அடித்தார், எந்த டாக்டரிடம் போனீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு உங்கள் வீட்டில் இருக்க வேண்டாம்.

நான்கு: வாட்ஸ்-அப்பில் மூன்று புள்ளியைத் தொட்டால், "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்று வரும். உங்களுக்குத் தெரியாத கருவி அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் வரைபடத்தில் "இருப்பிடப் பகிர்வு" யாருக்குப் போகிறது என்றும் பாருங்கள். இப்போதைக்குப் பார்த்தால் போதும். துண்டிக்கும் நாளை, உதவி செய்பவர்களுடன் பேசி முடிவு செய்யுங்கள்.

ஐந்து: வீட்டை விட்டு வெளியேறும் நாள் வந்தால், இருப்பிடம் காட்டும் வசதியை நிறுத்துங்கள். சந்தேகம் இருந்தால் போனையே அணைத்துவிடுங்கள். பிறகு உங்கள் பெயரில் புது சிம், புதுக் கணக்கு. புதுப் போனில் பழைய கணக்கைப் போட்டால், பழைய கதவு மறுபடியும் திறந்துவிடும்.

யாரிடம் போவது?

பெண்களுக்கான உதவி எண் 181. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 112. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்கள் வருமானச் சான்று காட்ட வேண்டியதில்லை. வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வக்கீல் உதவி இலவசமாகக் கிடைக்கும்.

மாவட்ட சமூகநல அலுவலகத்தை அணுகினால், குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். அனைத்து மகளிர் போலீஸ் நிலையத்திலும் புகார் செய்யலாம்.

அந்தச் சட்டம் 2005-ல் நிறைவேறி, 2006-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி அமலுக்கு வந்தது. அடிப்பது மட்டும் அல்ல. அவமானப்படுத்துவதும், மிரட்டுவதும், செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும் வன்முறை என்கிறது அது. வீடு கணவன் பெயரில் இருந்தாலும், மனைவிக்கு அங்கே வசிக்க உரிமை உண்டு. நேரிலோ, போனிலோ, வேறு எந்த மின்னணு வழியிலோ அந்தப் பெண்ணைத் தொடர்பு கொள்ளக் கூடாது என்று மாஜிஸ்திரேட்டு உத்தரவு போடலாம். மீறினால் ஓராண்டு வரை ஜெயில், அல்லது 20 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கடைசியாக, அக்கம்பக்கத்தாருக்கு ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுப் பெண் உங்கள் வாசலுக்கு வந்து, "அக்கா, உங்க போனை ஒரு நிமிஷம் தாங்க" என்று கேட்கலாம். "உன் போன் என்ன ஆச்சு?" என்று வாசலில் நின்று கேட்காதீர்கள். உள்ளே கூப்பிடுங்கள். போனைத் திறந்து கையில் கொடுங்கள். அவள் பேசி முடிக்கும் வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். அவள் வந்ததை அவள் கணவரிடமோ, மாமியாரிடமோ வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் எத்தனை நாள் காத்திருந்தாளோ, யாருக்குத் தெரியும்?