முதல் 48 மணி நேரத்திற்குப் பிறகு

தலைக்காயத்திலிருந்து உயிர் தப்பிய ஒருவர் பழைய வாழ்க்கைக்கு எந்த அளவு திரும்புவார் என்பது அடியின் கடுமையை மட்டும் பொறுத்ததன்று. முதல் சில மணி நேரத்தில் கிடைத்த சிகிச்சை, அவருடைய வயது, முன்பிருந்த உடல்நலம், வீடு திரும்பிய பின் தொடரும் பயிற்சி, உடனிருப்போரின் புரிதல் ஆகிய அனைத்தும் அதில் பங்கு வகிக்கின்றன.

அடியின் கடுமையை அளக்க, டீஸ்டேல், ஜென்னட் என்னும் மருத்துவர்கள் 1974-இல் உருவாக்கிய கிளாஸ்கோ அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. கண் திறப்பது, பேசுவது, உடலை அசைப்பது ஆகியவற்றைப் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் இடும் இம்முறையில் 8-ம் அதற்குக் கீழும் கடுமையான காயமாகக் கொள்ளப்படும். நினைவு திரும்பிய பிறகும் இடமும் நாளும் தெரியாமல் குழம்பியிருக்கும் காலம் வாரக்கணக்கில் நீண்டால், மீட்சியும் மெதுவாகவே இருக்கும். மூச்சுத் தடைபட்டாலோ இரத்த அழுத்தம் சரிந்தாலோ, அடிபடாத மூளைப் பகுதியும் சேதமடையும் என்பதால், காயம்பட்டவரை விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பது இன்றியமையாதது.

இருசக்கர வாகனங்களும் கனரக லாரிகளும் நெருக்கியடித்து ஓடும் காஞ்சிபுரம் மாவட்டத்து வாலாஜாபாத், ஒரகடம் பகுதிச் சாலைகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தமிழ்நாடு அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், 2021 டிசம்பர் 18 அன்று அண்டை மாவட்டத்து மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. உயிர்காக்கும் அந்த ஏற்பாடு பெரிது. ஆயினும் மூளை தேறுவதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகின்றன, அந்த நீண்ட காலத்தின் சுமை பெரும்பாலும் குடும்பத்தின் தோளிலேயே விழுகிறது.

கை கால் தளர்ச்சி எவர் கண்ணுக்கும் தெரியும். கவனம் சிதறுவது, திட்டமிட இயலாமை, காரணமற்ற சினம், விரைவில் வரும் களைப்பு ஆகியவை தெரிவதில்லை. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி காயமுற்றால் இவை நேர்கின்றன. எடுத்துக்காட்டாக, கோர்வைப் பட்டுச் சேலை நெய்பவர் சேலையின் உடலுக்கும் கரைக்கும் உரிய நாடாக்களை வரிசை தப்பாமல் செலுத்த வேண்டும், பக்கத்தில் கரை நாடா தள்ளும் உதவியாளரோடு இசைந்தும் போக வேண்டும். கைகள் முழு வலுவோடு இருந்தாலும் கவனம் நிற்கவில்லையென்றால் அவரால் தறியில் அமர முடியாது. அவரைச் சோம்பேறி என வீட்டார் கருதுவது பெருங்கொடுமை. அன்றாடச் செயல்களைச் சிறு படிகளாகப் பிரித்துப் பழக்கும் செயல்முறை மருத்துவமும் பேச்சுப் பயிற்சியும் உடலியக்கப் பயிற்சிக்கு நிகராகத் தேவைப்படுவது இதனால்தான்.

1954-இல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் முன்னின்று உருவாக்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் 1966 முதல் இத்தகைய சிகிச்சையை ஒரே கூரையின் கீழ் அளித்துவருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் உடலியக்கப் பயிற்சி வீட்டுக்கே வருகிறது. மனத்திறன் பயிற்சியும் அவ்வாறே வர வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிடும் 21 வகைகளில் தலைக்காயம் தனிப் பெயராக இல்லை. எஞ்சிய குறைபாட்டைக் கொண்டே சான்றிதழ் பெற வேண்டியுள்ளது. ஆகவே விபத்துக்கு முன் காயமுற்றவர் செய்துவந்த வேலையையும், இப்போது அதில் எங்கே தடுமாறுகிறார் என்பதையும் குடும்பத்தார் தேதியிட்டு எழுதி மருத்துவரிடம் காட்டுவது நல்லது. ஏனெனில் சில நிமிடச் சந்திப்பில் அவர் தெளிவாகவே பேசிவிடக்கூடும்.