கொசு அளவு இரை, பன்னிரண்டு மாதமும் மீன்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், நவாஹோ அணைக்குக் கீழே ஓடும் சான் வான் ஆற்றில் கடுங்குளிரிலும் டிரவுட் மீன் பிடிக்கிறார்கள். நீர்த்தேக்கத்தின் ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே குளிர்ச்சியில் இருக்கிறது. மற்ற பூச்சிகள் தத்தம் பருவத்தில் மட்டுமே பெருகும். 'மிட்ஜ்' எனும் கடிக்காத, கொசு போன்ற சிற்றீயோ எல்லா மாதமும் நீரிலிருந்து எழும். ஆகவே தூண்டில்காரர் முள்ளில் நூல் சுற்றிச் செய்யும் போலி ஈக்களில் ஒன்றே ஒன்றைக் கட்டக் கற்பதானால், அது மிட்ஜின் போலியாகவே இருக்க வேண்டும்.

முழங்கை நீள மீன் இந்தத் துணுக்குக்கா வாய் திறக்கும் என்று கேட்கலாம். குளிர்நீரில் மீன் பெரும்பாலும் இரையைத் துரத்தாது. நின்ற இடத்திலேயே, மிதந்து வரும் மிட்ஜ் கூட்டுப்புழுக்களை ஒவ்வொன்றாக உறிஞ்சும். செலவு சொற்பம், வரவோ ஓயாதது. கட்டுவதும் எளிது. 'ஜீப்ரா மிட்ஜ்' வகைக்கு 18 முதல் 24 வரையிலான எண்ணுள்ள முள் (எண் கூடக் கூட முள் சிறுக்கும்), கறுப்பு நூல், இடைவெளிவிட்டுச் சுற்ற மெல்லிய வெள்ளிநிறக் கம்பி, தலையில் ஒரு மணி போதும். அழகுக்காக இறகு சேர்ப்பவர்கள் உடலைத் தடிக்கவைத்துக் கெடுக்கிறார்கள். சின்ன முள் பெரிய மீனைத் தாங்காது என்பதும் பாதி உண்மைதான்: முதலில் அறுவது பெரும்பாலும் முள்ளோடு கட்டிய மெல்லிய நரம்புதான். அதனால்தான் நரம்பு சுற்றிய சுருளின் பிடியைத் தளர்த்தி வைக்கிறார்கள்.