பெண் பிள்ளையும் ஊரார் எண்ணமும்

ஒரு வீட்டிலே இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஆண், இளையவள் பெண். மாலையில் வந்துபோன உறவினர் ஒருவர் இருவரையும் புகழ்ந்துவிட்டுப் படலையைக் கடக்கிறார். மகனைப்பற்றி அவர் கூறியது: “கெட்டிக்காரன்; மாமரத்தில் ஏறி ஒரு கடகம் மாங்காய் இறக்கிவிட்டான்.” மகளைப்பற்றிக் கூறியது: “நல்ல பிள்ளை, வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை.” இரண்டும் அன்பினாற் கூறப்பட்டவையே. ஆயினும் முன்னது ஒன்றைச் செய்ததற்காகக் கிடைத்த புகழ். பின்னது ஒன்றும் செய்யாதிருந்ததற்காகக் கிடைத்த புகழ்.

நேயர்களே, சமூகத்தின் எதிர்பார்ப்பு என்று நாம் பெரிய சொல்லாற் குறிக்கும் பொருள் பெரும்பாலும் இவ்வுருவிலேதான் பிள்ளைகளை வந்தடைகின்றது. அது கட்டளையாக வருவது அரிது. கட்டளையாக வந்தால் எதிர்த்து நிற்கலாம், அடம்பிடிக்கலாம். புகழ்ச்சியாக வருவதை எந்தக் குழந்தை எதிர்க்கும்? எதனால் அன்பு கிடைக்கின்றதோ அதுவாகவே ஆகிவிட முயல்வது குழந்தையின் இயல்பு. உரத்துச் சிரிக்கும் பெண் குழந்தையை நாம் அடிப்பதில்லை, “பொம்பிளைப் பிள்ளை இப்படியா சிரிப்பது?” என்று சிரித்துக்கொண்டே கேட்கிறோம். நூறு முறை கேட்டபின், கேட்பதற்கு வெளியார் ஒருவர் வேண்டியதில்லை. அக்கேள்வியை அவளே தன்னிடம் கேட்டுக்கொள்கிறாள்.

இவ்வாறு மெல்ல நடந்துவந்த காரியம் 12, 13 வயதளவில் திடீரென வேகம் பெறுகின்றது. பெண் பூப்பெய்தினால் யாழ்ப்பாணத்தில் “பெரியபிள்ளையாகிவிட்டாள்” என்பர். பெரியவராகிவிட்ட ஒருவருக்கு நடமாடும் எல்லை விரிய வேண்டும். தம் கருத்தைச் சொல்லும் உரிமை பெருக வேண்டும். இவளுக்கோ பெரியவளான அன்றே உலகம் சிறிதாகிவிடுகின்றது. நேற்றுவரை ஒழுங்கையிலே கிளித்தட்டு மறித்தவள் இன்று வேலிக்கு இப்பால் நிற்கின்றாள். கடைக்குத் தனியே போனவள் துணையோடு போகின்றாள்.

சாமத்தியச் சடங்கை நான் பழிக்க வரவில்லை. தாய்மாமன் முன்னிற்க நீர் வார்த்து, உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் ஊட்டி, பட்டுச்சேலை உடுத்தி, ஆராத்தி எடுத்து ஒரு சிறுமியை மணவறையில் இருத்தும் அந்நாளில் வீட்டாரின் அன்பு உண்மையானது. அவள் உடலை உரப்படுத்த வேண்டும் என்ற அக்கறையும் உண்மையானது. பெண் மணத்துக்குரிய பருவத்தை அடைந்தாள் என்று சுற்றத்தாருக்கு அறிவிப்பது அச்சடங்கின் பழைய நோக்கங்களுள் ஒன்று. இன்று 13 வயதில் யாரும் மணம் பேசுவதில்லை. அறிவிப்பு மாத்திரம் நிலைத்துவிட்டது. மண்டபமும் ஒளிப்படக்காரரும் வந்து சேர்ந்து அது முன்னையினும் பெரிதாகியும் விட்டது. ஊர் முழுவதும் அறியக் கொண்டாடப்படும் அவ்வுடல் மாற்றம் யாது, எதனால் நிகழ்கின்றது என்பதைப் பல வீடுகளில் அச்சிறுமிக்கு மட்டும் ஒருவரும் விளக்குவதில்லை. விளக்கம் இன்றித் தடைகள் மாத்திரம் வந்தால் அவள் என்ன நினைப்பாள்? தன்னிடத்தில் மறைக்கவேண்டிய ஏதோ ஒன்று இருக்கின்றது என்றே முடிவுசெய்கின்றாள். பின்னர் வகுப்பிலே விடை தெரிந்தும் கையுயர்த்தாமல் இருக்கும் மாணவியைக் காணும்போது, அத்தயக்கம் எங்கே தொடங்கியது என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

படிப்பு வந்தால் இவையெல்லாம் தாமே மறைந்துவிடும் என்று நம்புவோர் உளர். நம் நாட்டு வரலாறு அத்துணை எளிதான கதையைச் சொல்லவில்லை. 1824 ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினர். பெண்ணைப் படிப்பித்தால் அவளை யார் கொள்வார் என்று பெற்றோர் அஞ்சிய காலம் அது. அவ்வச்சத்தைத் தீர்க்க மிசனரிமார் கண்ட வழிகளுள் ஒன்று, படித்துக் கிறிஸ்தவ மணம் செய்யும் மாணவிக்குத் தாமே சீதனம் அளிப்பது! ஊர்வழக்கத்தை மாற்ற வந்தவர்களும் அவ்வழக்கத்தின் நாணயத்தையே எடுத்துச் செலவிடவேண்டியதாயிற்று. படித்த கிறிஸ்தவ ஆண்களுக்கு ஏற்ற மனைவியர் வேண்டும் என்பதும் அப்பாடசாலையின் நோக்கமாயிருந்தது.

சைவப் பெண்களுக்காக 1913 இல் மருதனார்மடத்தில் பெருங் கல்லூரி ஒன்றை நிறுவியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அதற்காக அவர் நன்றியுடன் நினைக்கப்படுகின்றார், நினைக்கப்படவேண்டியவருமே. ஆயினும் 1920 களின் பிற்பகுதியில், பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கலாமா என்ற வினா டொனமூர் ஆணைக்குழுவின் முன் எழுந்தபோது, வேண்டாம் என்று வாதிட்டவரும் அவரே. இதனை முரண்பாடு என்று சொல்லத் தோன்றும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பெண்ணின் இடம் இல்லமே. அவ்விடத்தை அவள் அறிவோடும் பண்போடும் நிறைக்கவேண்டும். அதற்கே கல்வி என்ற ஒரே எண்ணத்தின் இரு பக்கங்கள் அவை. எதிர்பார்ப்பு மாறாமலே கல்வியை வழங்கமுடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கொடுத்தவர் எண்ணியதோடு கல்வி நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அடுத்த ஆண்டே கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து நேசம் சரவணமுத்து என்னும் தமிழ்ப் பெண்மணி அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

சொத்தைப் பற்றியும் ஒரு சொல். தேசவழமையின்படி தாய்வழிச் சொத்து சீதனமாக மகளுக்குச் செல்வது பழைய வழக்கம். ஆகவே பெண் பெயரில் வீடும் வளவும் உள்ள சமூகம் நமது என்று பெருமை பேசுவோம். ஆனால் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைச் சட்டம், மணமான பெண் தன் நிலத்தைக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் இன்றி விற்கமுடியாது என்று விதித்தது. உறுதியில் பெயர் அவளுடையது. விற்பதா வைத்திருப்பதா என்று தீர்மானிக்க இன்னொருவர் கையொப்பம் வேண்டியிருந்தது.

மலைநாட்டிலே நிலைமை வேறு. அங்கே பெண் வெளியே போய் உழைக்கவேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. ஆயினும் நாட்கூலியில் பெண்ணுக்கும் ஆணுக்கும் சமநிலை வந்தது 1984 இலேதான். கொழுந்துக்குப் போகும் தாய்க்குப் பதிலாகத் தம்பி தங்கையரைப் பார்க்கப் பாடசாலையை விட்டு நின்றவள் மூத்த மகளே. மூத்த மகன் அல்லன்.

எதிர்பார்ப்பு ஒருபோதும் அசையாதா? அசையும்; சில வேளைகளில் நாம் நினையாத கைகள் அதனை அசைத்துவிடும். 1990 இன் பின் போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின, பல ஓடவேயில்லை. துவிச்சக்கர வண்டியே வாகனமாயிற்று. மாணவியும் ஆசிரியையும் சேலை கட்டிய தாய்மாரும் மிதித்தனர். பெண் சைக்கிள் ஓடுவது அடக்கமா என்று கேட்க எவருக்கும் நேரமில்லை. எத்தனையோ மேடைப் பேச்சுகள் சாதியாததைப் பெற்றோல் தட்டுப்பாடு சாதித்தது. அவ்வழக்கம் போர் முடிந்த பின்னும் நிலைத்துவிட்டது.

இன்று இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாகும் மாணவருள் பெண்களே கூடுதலானோர். கலைத்துறையில் அவர்கள் பெரும்பான்மையினர், பொறியியலில் சிறுபான்மையினர். வேலைசெய்யும் அல்லது வேலைதேடும் பெண்களோ, வயதுவந்த பெண்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் மாத்திரமே. கணிதத்தில் நல்ல புள்ளி பெற்ற மாணவி உயர்தர வகுப்பில் கலைப் பாடங்களை எழுதிக் கொடுக்கும்போது, யார் சொன்னது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரும் சொல்லவில்லை, நானாகத்தான் தெரிந்தேன் என்பாள். பொய்யன்று. ஆசிரியத் தொழிலென்றால் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் வசதி என்று அவள் ஆறாம் வகுப்பிலிருந்து கேட்டு வந்திருக்கிறாள். இன்னும் பிறவாத பிள்ளைகளுக்காக 16 வயதில் பாடம் தெரிவுசெய்கின்றாள்.

மாலை ஏழு மணியளவில் ஏதேனும் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் முன் நின்று பாருங்கள். வகுப்பு முடிந்து மாணவிகள் துவிச்சக்கர வண்டிகளில் வெளியேறுவார்கள். சிலருக்குக் காவலாக வீட்டிலிருந்து ஆள் வந்து காத்திருக்கும். முன்னே அக்காளின் வண்டி போகும். பின்னே தம்பியின் வண்டி போகும். தம்பிக்கு வயது பத்து இருக்கும். இருக்கையில் அமர்ந்தால் அவன் கால் நிலத்தில் எட்டாது.